எழுத்தைக் கலைத்துக் கட்டும் கவிதை: கேட்டதும் சொன்னதும்

கே: அக்கா, அனகிராம் கவிதை என்றால் நம்ம மாலைமாற்றுதானே?

ப: இல்லைப்பா. மாலைமாற்றைக் கடைசியிலிருந்து வாசித்தாலும் அதே பாட்டுதான் வரும். சம்பந்தரின் ‘யாமாமாநீ யாமாமா’ அப்படிப்பட்டது. அனகிராமில் வரிசை எப்படி வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் ஓர் அடியில் இருக்கும் எழுத்துகள் ஒன்றுகூடக் கூடாமல் குறையாமல் அடுத்த அடியிலும் வர வேண்டும். டேவிட் ஷுல்மன் என்பவர் 1936-இல் ஆங்கிலத்தில் ஒரு சானெட், அதாவது பதினான்கடிப் பாட்டு, எழுதினார். தலைப்பில் 29 எழுத்து; 14 அடிகளிலும் அதே 29 எழுத்துதான். அசுர உழைப்பு.

கே: தமிழில் முடியுமா? ஒன்று எழுதிக் காட்டுங்களேன்.

ப: சரி, இதோ:

வதனம் கனகம்;
ககனம் தவனம்.

முகம் பொன்னாகிவிட்டது, வானமே தவனமாக மணக்கிறது என்று பொருள். மல்லியோடு சேர்த்துக் கட்டுவோமே, அந்தத் தவனம். அடிக்கு எட்டு எழுத்து, எண்ணிப் பாருங்கள். வடசொல் நெடி அடிக்கிறது என்பீர்கள். உண்மைதான். அகர எழுத்துகளாக வந்து ‘ம்’மில் முடியும் சொற்கள்தான் சுலபமாக இடம் மாறுகின்றன: தவம், வதம், கரகம், ககரம். ‘மாலை’யைக் கலைத்தால் ‘லைமா’தான் மிஞ்சும். ல, ள, ழ, ர, ற, ட, ண, ன எதுவும் தமிழில் சொல்லுக்கு முதலில் நிற்காதே. அதனால்தான் ‘கதவு’க்குள் ‘தகவு’ இருப்பதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கே: உயிரையும் மெய்யையும் தனித்தனியாகப் பிரித்துக் கலைக்கலாமா?

ப: தாராளமாக. ‘பாதம்’ அப்போது ‘தாபம்’ ஆகும். ‘வாசகம்’ ‘சாவகம்’ ஆகும். மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறவி எடுக்கும் அதே சாவக நாடு. இரண்டிலும் ‘ஆ’ ஒரு மெய்யை விட்டு இன்னொரு மெய்க்குத் தாவுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஓர் அடிக்கு ஒரு விதி, மறு அடிக்கு வேறு விதி என்று வைத்தால் அது கள்ளாட்டம்.

கே: ‘கவிதை’யைக் கலைத்து ‘தை கவி’ என்று எழுதினேன். செல்லுமா?

ப: நல்ல கண் உங்களுக்கு. ஆனால் சேர்த்துச் சொன்னால் ‘தைக்கவி’ ஆகிவிடும். கூப்பிடாமலே ஒரு ‘க்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். கணக்கு போச்சு. ‘தை’யோடு ஓர் அடியை முடித்து, ‘கவி’யை அடுத்த அடியில் விளியாக வைத்துப் பாருங்கள், தப்பிக்கலாம். இந்த ஆட்டத்தில் என்னை அதிகம் படுத்தியது ஒற்றுதான்.

கே: வெண்பாவில் எழுதலாமா?

ப: முதலில் இரண்டடி புதுக்கவிதை. தளையையும் எழுத்தையும் ஒரே நாளில் பிடித்தால் பொருள் கையை விட்டுப் போய்விடும்.

கே: இதற்கு மென்பொருள் இருக்கிறதா?

ப: ஆங்கிலத்துக்குச் செய்ததில் போட்டுப் பார்த்தேன். யூனிகோட்டில் ‘வி’ என்பது வகரமும் கொக்கியுமாக இரண்டு குறியீடு. அது கொக்கியைத் தனியே கழற்றிவிட்டது, ‘ம்’மின் புள்ளியையும் எங்கோ கொண்டுபோய் வைத்தது. இப்போதெல்லாம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, எழுத்தெழுத்தாக வெட்டித் தரையில் பரப்பிக்கொள்கிறேன். உட்காரும் முன் ஃபேனை அணைத்துவிடுங்கள்.