கோபத்துக்கு என்ன நிறம்?

கேள்வி: என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லண்டனில் இருக்கும் மேலாளர் அவளுக்கு 'கிளையன்ட் இஸ் லிவிட்' என்று ஒரே வரியில் மெயில் அனுப்பியிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் 'நீலம் பாய்ந்த, ஈய நிறமான' என்று ஒரு பொருள், 'கடுங்கோபம் கொண்ட' என்று இன்னொரு பொருள். எதை எடுத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: கோபத்தைத்தான். கிளையன்ட் கொதித்துப்போயிருக்கிறார். மகளை முதலில் பதில் மெயில் அனுப்பச் சொல்லுங்கள் அம்மா, அகராதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அகராதியும் பொய் சொல்லவில்லை. லத்தீனில் 'லிவிடஸ்' என்றால் நீலம் பாய்ந்தது என்று பொருள். அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டி நீலமும் கறுப்புமாக ஆகுமே, அந்த நிறம். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்தபோதும் அது நிறமாகத்தான் வந்தது.

இதை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டு. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த புதிது. நாலு ஆங்கில நாவல் படித்த திமிர் வேறு. ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'போஸ்ட்மார்ட்டம் லிவிடிட்டி' முதுகில் இருப்பதாக டாக்டர் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த லிவிட் கோபம் ஒன்றுதான். 'இறந்தவரின் முதுகில் மரணத்துக்குப் பிந்தைய சீற்றம் காணப்பட்டது' என்று எழுதி, தலைமை மொழிபெயர்ப்பாளரின் மேஜையில் வைத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "செத்தவனுக்குக் கோபம் வரட்டும்யா, அது ஏன் முதுகுல வருது?" என்றார்.

விஷயம் இதுதான். இதயம் நின்றதும் ரத்தம் ஓடாது. தண்ணீர் போலப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகுப்பக்கம் நீலமும் ஊதாவுமாகக் கறை படியும். தரையில் அழுந்திய தோள்பட்டையும் பிட்டமும் மட்டும் வெளுத்தே இருக்கும். ஏறக்குறைய எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் அந்தக் கறை நிலைத்துவிடும். அதற்கப்புறம் உடலைப் புரட்டிப் போட்டாலும் இடம் மாறாது. மல்லாந்து கிடக்கும் உடலில் கறை நெஞ்சுப்பக்கம் இருந்தால், யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று போலீஸ் மோப்பம் பிடிப்பது அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு புகையில் இறந்தவர்களுக்கு அது செர்ரிப்பழச் சிவப்பாக இருக்கும்.

சரி, கோபம் எங்கே வந்தது? கோபத்தில் முகம் நிறம் மாறியவனை 'லிவிட் வித் ரேஜ்' என்றார்கள். நாளாக நாளாக 'ரேஜ்' உதிர்ந்துபோய், நிறமே கோபமாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த மாற்றம் இது. இன்று லிவிட் என்றதும் சிவந்த முகத்தை நினைக்கிற ஆங்கிலேயர்களும் உண்டு. வெளிறிய முகத்துக்கும் அந்தச் சொல் போகும். ஆக, நீலத்தில் தொடங்கிய சொல் ஒரு சுற்று சுற்றிவிட்டது.

நமக்கு இது புதிதா என்ன? 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம், உரியியலில். இந்த இரண்டு சொல்லும் கோபத்தைக் குறிக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் நிறத்தைக் காட்டவும் இவை வரும் என்கிறது! 'அதைச் சொன்னதும் அவருக்கு முகம் கறுத்துப்போச்சு' என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் லிவிட்டுக்கு என் காதில் மிக நெருக்கமாக ஒலிப்பது 'கன்றுதல்'. அடிபட்ட தோலும் கன்றும், திட்டு வாங்கிய முகமும் கன்றும். என்ன, நம் கன்றலில் வேதனை கொஞ்சம் தூக்கல். அதனால் கிளையன்ட் கன்றிப்போயிருக்கிறார் என்று மொழிபெயர்த்தால் பாவம் என்று தோன்றிவிடும். கொதிக்கிறார் என்பதே போதும்.

கேள்வி: 'வெரி லிவிட்' என்று எழுதலாமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். உச்சியில் நிற்பவனை இன்னும் மேலே ஏறச் சொல்வது போல அது. அழுத்தம் வேண்டுமென்றால் 'அப்சலூட்லி லிவிட்' என்பார்கள். ஆள் மேல் கோபம் என்றால் 'வித்', விஷயத்தின் மேல் என்றால் 'அபவுட்'. 'லைவிட்' என்று மட்டும் உச்சரித்துவிடாதீர்கள்.

கேள்வி: லிவிட்டைவிடப் பெரிய கோபம் ஆங்கிலத்தில் உண்டா?
- ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: 'ஆப்பப்ளெக்டிக்' இருக்கிறது. 'ஆப்பப்ளெக்ஸி' என்பது பக்கவாதத்துக்குப் பழைய பெயர். அதன் கிரேக்க வேர், அடித்து வீழ்த்துவது. மூளையில் நரம்பு வெடித்துவிடும் போலக் கத்துகிறவருக்கு அந்தச் சொல் பொருந்தும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரஷர் மாத்திரை போடுகிறவன் நான். எனக்கு லிவிட்டே போதும்.