தேர்தல் ஆணையம் போன்ற தன்னாட்சி அமைப்புகள் அரசுக்குக் கட்டுப்படாமல் இயங்க முடியுமா?

சம்பளம், ஊழியர், அலுவலகம் எல்லாம் அரசுடையதாக இருக்கும்போது, தன்னாட்சி என்பது வெறும் பெயர்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குடியாத்தத்துக்காரன்; எங்கள் ஊரில் நடந்ததிலிருந்தே பதில் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 18 அன்று அம்மாவை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றேன். மக்களவைக்கு ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று என்று இரண்டு இயந்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. "இன்னாடா, ஒரு பொட்டிதான் வச்சிக்கிறாங்க?" என்று அம்மா கேட்டார். பெருந்தொகை பிடிபட்டதைத் தொடர்ந்து, எங்கள் ஊர் அடங்கிய வேலூர் தொகுதியின் மக்களவைத் தேர்தல் இரண்டு நாள் முன்னதாக, ஏப்ரல் 16 அன்று ரத்து செய்யப்பட்டிருந்தது. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுவே முதல் முறை. ஆனால் குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் அதே நாளில் நடந்தன.

அந்த ரத்து உத்தரவில் கையெழுத்திட்டது தேர்தல் ஆணையம் அல்ல, குடியரசுத் தலைவர். மக்களவைத் தேர்தலுக்கான அறிவிக்கையை அவர்தான் வெளியிடுகிறார் என்பதால், அதைத் திரும்பப் பெறுவதும் அவர் பெயரிலேயே நடந்தாக வேண்டும். ஆணையம் பரிந்துரைத்தது, அவர் ஏற்றார். 2017இல் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை ஆணையம் தானாகவே ரத்து செய்ததற்குக் காரணம், இடைத்தேர்தல் அறிவிக்கை ஆணையமே வெளியிடுவது என்பதுதான். ஆக, தன்னாட்சி அமைப்பின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய அமைப்புகளைப் பற்றிப் பேசும் பலரும் நியமனத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதுவும் முக்கியம்தான்: தேர்தல் ஆணையர்களைத் தேர்வு செய்யும் குழுவில் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் அவருடைய இடத்தில் ஒரு மத்திய அமைச்சரை வைத்தது. இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் நியமனத்தைவிடக் குறைவாகப் பேசப்படும் ஒன்று உண்டு: தீர்மானத்தை நிறைவேற்றும் கைகள் யாருடையவை?

தேர்தல் ஆணையத்திடம் சொந்த ஆட்கள் சொற்பம். வாக்குச்சாவடியில் அம்மாவின் விரலில் மை வைத்தவர்கூடப் பள்ளி ஆசிரியராகத்தான் இருந்திருப்பார். ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, அறிவிக்கை வந்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் வரை, தேர்தல் பணியில் இருக்கும் அதிகாரிகளும் காவல்துறையினரும் ஆணையத்திடம் அயல்பணியில் (தற்காலிகமாக அனுப்பப்பட்ட பணியில்) இருப்பவர்களாகக் கருதப்படுவார்கள். மாவட்ட ஆட்சியர் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார். தேர்தலைப் பொறுத்தவரை அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் மாறிவிடுகிறது. அரசின் கணக்குகளைச் சரிபார்க்கும் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) நிலை வேறு. அவருக்கென்று ஒரு முழுத் துறையே உண்டு, நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவரை நீக்க முடியும், ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி ஏதும் ஏற்கக் கூடாது. ஆனால் அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்தின் மேசைக்குப் போகும். அதற்கு மேல் அவரால் எதையும் செய்விக்க முடியாது.

இந்தக் கைகளின் முக்கியத்துவத்தைப் பாலாற்றில் பார்க்கலாம். டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஆறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் ஒன்றை மத்திய அரசு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இழப்பைக் கணக்கிடுவது அந்த ஆணையத்தின் வேலை. வசூலித்து மக்களிடம் சேர்ப்பதோ, நில வரிப் பாக்கியை வசூலிப்பதுபோல, மாவட்ட ஆட்சியரின் வேலை. தேர்தல் காலத்தைப் போல ஆட்சியரை ஆணையத்தின் கீழ் கொண்டுவரும் 28ஏ எதுவும் இங்கே இல்லை. 2025 ஜனவரி 30 அன்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை மாநில அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை உத்தரவிட வேண்டியிருந்தது.

ரத்தான எங்கள் மக்களவைத் தேர்தல் அதே 2019 ஆகஸ்ட் 5 அன்று, நான்கு மாதங்களுக்குள் நடந்து முடிந்தது.