இலை மூடியிருக்கும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வரைபடமும் காம்பஸும் வைத்துக் காட்டில் வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியண்டீரிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்த விளையாட்டுக்கு வந்தேன். பூங்காக்களில் ஏழெட்டு முறை ஓடிப் பழகிவிட்டு, போன வாரம் முதன்முறையாக இரண்டு நாள் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமை மிடில் என்ற நடுத்தர தூர ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை லாங் என்ற நீண்ட தூர ஓட்டம். இலையுதிர்காலக் காடு. வரைபடத்தைப் பார்த்து வரிசையாகத் தேடிப் போக வேண்டிய கொடிகளில், அதாவது கன்ட்ரோல்களில், முதல் மூன்றும் சுலபமாகக் கிடைத்தன. நான்காவதில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. வரைபடத்தில் இருந்த பாதையைத் தரையில் காணவே இல்லை. எங்கே பார்த்தாலும் பழுப்பு இலை. 38 நிமிடம் சுற்றிச் சுற்றி ஓடினேன். இரண்டு பேர் நின்று, "ஒன்றும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார்கள். வெட்கத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடைசியில் ஒரு சாலை தெரிந்தது. முடிவிடத்துப் பக்கமே போகாமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை.

என் ஓட்டம்தான் போதவில்லையா? கையில் போன் இருக்கும் காலத்தில் இப்படித் தொலைந்துபோவதில் என்ன இருக்கிறது? தொடரலாமா அக்கா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேள்விகளுக்கு வருவதற்கு முன் ஒரு விஷயம். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் போட்டியிலும், மனசு எவ்வளவு நொந்திருந்தாலும், முடிவிடத்துக்குப் போய், கன்ட்ரோல்களில் உங்கள் வருகையைப் பதியும் அந்த மின்னணுச் சிப்பை அங்கேயும் பதியாமல் கிளம்பாதீர்கள். பாதியில் விட்டவர்களும் அங்கே போயே ஆகவேண்டும். காட்டுக்குள் போனவர்கள் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று நடத்துபவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். அது ஒத்துப்போகாவிட்டால் தேடக் கிளம்பிவிடுவார்கள். இந்தப் பருவத்தில் பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். நானும் ஒருமுறை டார்ச்சோடு அப்படித் தேடப் போயிருக்கிறேன். தேடப்பட்டவர் கடைசியில் தன் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறாரே என்று நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. போட்டி நடத்தியவர்களுக்கு இன்றே மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதிவிடுங்கள்.

உங்களிடம் வந்து கேட்ட அந்த இரண்டு பேரையும் நினைத்துப் பாருங்கள். 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், ஆண்கள் ரிலே கடைசிச் சுற்றில், ஸ்வீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் ஒரு குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. பிரான்ஸின் தியெரி ஜோர்ஜூ, நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்பெர்க், செக் நாட்டின் மிகால் ஸ்மோலா மூவரும் பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்தவர்கள். ஓட்டத்தை விட்டுவிட்டு அவரைக் காப்பாற்ற நின்றார்கள். இந்த விளையாட்டில் அடிபட்டவருக்காக நிற்பது விதி. அதனால் அடுத்த முறை யாராவது கேட்டால், "எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஓட்டத்தில் குறையில்லை. உலகத் தரப் போட்டிகளில் முதலாவதாக வருபவர் மிடில் ஓட்டம் முழுவதையும் முடிக்கவே 30 முதல் 35 நிமிடம்தான் ஆகும். நீங்கள் ஒரே ஒரு கன்ட்ரோலில் அதைவிட அதிகமாகச் செலவழித்திருக்கிறீர்கள். ஆறு மாதம் பயிற்சி எடுத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வேகம் கூட்டினாலும் அந்தத் தூரத்தில் மிஞ்சுவது நான்கைந்து நிமிடம். மீதி முப்பத்துச் சொச்சத்தைக் கால்களால் மீட்க முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வார இறுதி, பீச் மரக் காடு. முந்தின இரவு பெய்த மழையில் இலையெல்லாம் ஊறித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஆறாவது கன்ட்ரோலுக்கு விவரக் குறிப்பு சொன்னது: பாறை, ஒன்றரை மீட்டர் உயரம், வடக்குப் பக்கம். நான் போட்ட திட்டம் எளிமையானது. ஒரு சிறு பாதையைக் கடக்க வேண்டும், அதற்கு அப்புறம் வரும் சின்னப் பள்ளத்தாக்கில் ஓடையோரமாக மேலே ஏற வேண்டும், பாறை வந்துவிடும்.

பாதை வரவில்லை. இலை மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். பள்ளத்தாக்கு வந்தது, ஆனால் ஓடை இல்லை. வற்றியிருக்கும். பாறை ஒன்று தெரிந்தது, முழங்கால் உயரம்தான். பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். பள்ளத்தாக்கு வரைபடத்தில் வடக்கே திறந்திருந்தது, காலடியில் கிடந்ததோ மேற்கே திறந்திருந்தது. அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? காம்பஸ் முள் சிக்கியிருக்கும். அந்த நேரத்தில் மரங்களுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி. வந்துவிட்டது என்று பாய்ந்து போனால் அதில் எழுதியிருந்த அடையாள எண் 47. நான் தேடியதன் எண் 52. வேறு யாரோ ஓடும் பாதைக்கு வைத்த கொடி அது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கேதான் முதன்முறையாக நின்றேன். கடிகாரத்தில் 11 நிமிடம் போயிருந்தது. நின்ற பிறகு விடை கிடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரியான பள்ளத்தாக்குக்கு ஒன்று முன்னாலேயே நுழைந்திருந்தேன். பாதை மறைந்தெல்லாம் போகவில்லை. நான் இன்னும் அதை எட்டவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று உறைத்தது. மூடியிருக்கும், வற்றியிருக்கும், புதைந்திருக்கும், சிக்கியிருக்கும். எல்லாமே "இருக்கும்". கண் பார்த்தபோதெல்லாம் "இருக்கிறது" என்றோ "இல்லை" என்றோதான் சொன்னது. மனசுதான் அதற்குமேல் "இருக்கும்" என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் எச்சரிக்கை மணியாக வைத்திருக்கிறேன். காட்டில் ஓடும்போது முதல் "இருக்கும்" வந்தால் நடைக்கு இறங்கிவிடுவேன். இரண்டாவது வந்தால் நின்றுவிடுவேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி, பின்னால் வருபவர் கடந்து போனாலும் சரி.

இலையுதிர்காலம் இதில் தனி ரகம். எது பொருந்தாவிட்டாலும் சொல்வதற்கு ஒரு சமாதானத்தை அதுவே கையில் கொடுத்துவிடும். ஆனால் இலை எதையெல்லாம் மூடும் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஒற்றையடிப் பாதையை மூடும், சின்னப் பள்ளத்தை, கணுக்கால் உயரக் கல்லை, வழுக்கும் வேரை மூடும். சரிவை மூட முடியாது. பள்ளத்தாக்கையும் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மூக்கு மாதிரி நீளும் மேட்டையும் எத்தனை மூட்டை இலை கொட்டினாலும் மூட முடியாது. வரைபடத்தில் அவையெல்லாம் பழுப்புக் கோடுகளாக இருக்கின்றன. பெரும்பாலான வரைபடங்களில் கோட்டுக்குக் கோடு 5 மீட்டர் உயர வித்தியாசம். பூங்காவில் பழகியவர்கள் கறுப்பைத்தான், அதாவது பாதை, வேலி, கட்டடம் இவற்றைத்தான் படிப்பார்கள். பூங்காவுக்கு அது போதும். இந்தப் பருவத்துக் காட்டில் முதலில் பழுப்பைப் படிக்க வேண்டும், அப்புறம்தான் கறுப்பு.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பருவங்களிலும் எனக்கு அதிகம் பிடித்தது இலையுதிர்காலம்தான், அதற்குக் காரணமும் இதுவே. கோடையில் அதே காடு பச்சைச் சுவராக நிற்கும், இருபது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இலை உதிர்ந்த பிறகு மரங்களுக்கிடையே எதிர்ச் சரிவு வரைக்கும் பார்வை போகும், நிலத்தின் உடம்பு முழுசாகத் தெரியும். சாய்வான வெயில் விழுந்தால் ஒவ்வொரு மடிப்பும் நிழல் கட்டி நிற்கும். சின்னதை மறைத்துவிட்டுப் பெரியதைக் காட்டும் பருவம் இது. நீங்கள் 38 நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. தலையை நிமிர்த்திச் சரிவு எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

நின்ற பிறகு நான் செய்வது இதுதான். காம்பஸை வைத்து வரைபடத்தை வடக்குக்குத் திருப்புவேன். சந்தேகமில்லாமல் நின்ற கடைசி இடம் எது என்று தேடுவேன். பெருவிரல் எப்போதும் அந்த இடத்தில்தான் அழுந்தியிருக்க வேண்டும், இதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து எத்தனை நிமிடம் ஓடினேன், எந்தத் திசையில் ஓடினேன் என்று பார்த்தால், நான் இருக்கக்கூடிய இடம் ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும். அந்த வட்டத்துக்குள் இப்படி ஒரு சரிவு எங்கே இருக்கிறது? அப்படியும் பிடிபடாவிட்டால், தவறவே முடியாத பெரிய அடையாளம் ஒன்றுக்கு, சாலையோ ஏரியோ ஏதோ ஒன்றுக்கு, பேசாமல் போய்விட்டு அங்கிருந்து புதிதாகத் தொடங்குவேன். ஐந்து நிமிடம் போகும்தான். அந்தச் சாலை உங்களுக்கும் கிடைத்தது. அதில் ஏறி வீட்டுக்குப் போகாமல் வரைபடத்தில் அதைத் தேடியிருந்தால் நான்காவது கன்ட்ரோல் கிடைத்திருக்கும்.

போன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் எங்கே இருக்கிறேன் என்பதைப் போன் சொல்லிவிடும். இந்த விளையாட்டு நம்மிடம் கேட்பதே அந்த ஒரு கேள்வியைத்தான். 1919இல் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே இருந்த காடுகளில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி நடத்திய போட்டியிலிருந்துதான் இன்றைய ஓரியண்டீரிங் வளர்ந்தது. ஓட்டப் பந்தயத்தில் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துவருவதைப் பார்த்து, வரைபடமும் காம்பஸும் கொடுத்துக் காட்டுக்குள் ஓடவிட்டார் அவர். 200 பேருக்கு மேல் வந்தார்கள். ஓடுவதும் படிப்பதும் ஒரே வேலையாக இருப்பதுதான் அவர்களை இழுத்தது என்று நான் நம்புகிறேன். என்னையும் அதுதான் இழுத்தது. அவசரத்துக்காகப் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொள்ளப் பல போட்டிகளில் அனுமதி உண்டு, ஒரு விசிலும் கழுத்தில் கட்டாயம் இருக்கட்டும். போனைப் பார்த்து வழி கண்டுபிடிக்கத்தான் கூடாது.

எனக்கு உண்மையில் வருத்தமாக இருப்பது நீங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டதுதான். ஒரே நாள் போட்டியில் தப்புச் செய்தால் அதைச் சரிசெய்ய அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும். வார இறுதிப் போட்டியில் மறுநாள் காலையிலேயே அதே காடு, அதே இலை, அதே வகைச் சரிவு மறுபடி கிடைக்கிறது. சனிக்கிழமை தோற்றவர்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை அதிகம் தேவை.

நான் சொன்ன அந்த வார இறுதியில் மறுநாள் காலை ஷூ இன்னும் காயவில்லை. தொடை இறுகிப்போயிருந்தது. லாங் என்பதால் ஒரு கன்ட்ரோலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட இருந்தது. குன்றின் மேல் நேராக ஏறுவதா, அடிவாரத்தைச் சுற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். 10 மீட்டர் ஏறுவது சமதளத்தில் 100 மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று பலர் வைத்திருக்கும் கணக்கைத்தான் நானும் வைத்திருக்கிறேன். வரைபடத்தின் அளவுகோலும் மாறிவிட்டது. சனிக்கிழமை வரைபடம் 1:10,000, ஒரு சென்டிமீட்டர் என்றால் 100 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை 1:15,000, அதே ஒரு சென்டிமீட்டர் 150 மீட்டர். களைத்த தலை பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும், இதைத் தொடக்கக் கோட்டிலேயே உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

எட்டாவது கன்ட்ரோலுக்குப் போகும்போது மறுபடியும் ஒரு பாதையைக் காணவில்லை. "மூடியி..." என்று மனசு ஆரம்பித்ததும் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. வரைபடத்தைத் திருப்பினேன். இடது பக்கம் நிலம் இறங்க வேண்டும், ஆனால் ஏறிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் குன்றின் மூக்கைத் தாண்டி மறுபக்கம் வந்துவிட்டேன். அறுபது மீட்டர் திரும்பிப் போய்ப் பார்த்தால் மேட்டின் மறைவில் கொடி. சிப்பை வைத்ததும் அந்தப் பீப் சத்தம் வந்ததே, அதற்காக அந்த முழு வார இறுதியையும் மறுபடி ஓடுவேன். நின்றது 20 நொடி. முடிவுப் பட்டியலில் நான் எத்தனையாவது என்று இப்போது நினைவில்லை.

தொடருங்கள் எஸ். உங்கள் சனிக்கிழமை வரைபடத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடிகாரத்தில் பதிவான தடத்தைப் பார்ப்பதற்கு முன், மூன்றாவது கன்ட்ரோலிலிருந்து ஓடிய வழியை நினைவிலிருந்து பேனாவால் வரையுங்கள். எந்த இடம் வரைக்கும் "இங்கே இருந்தேன்" என்று சந்தேகமில்லாமல் வரைய முடிகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து நான்காவது கன்ட்ரோல் எத்தனை மீட்டர் என்று அளந்து எனக்கு எழுதுங்கள். கூடவே, அந்தப் புள்ளிக்கு அப்புறம் முதல் "இருக்கும்" எங்கே வந்தது என்பதையும்.

அன்புடன்,
அக்கா