'அப்பீஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? எங்கே பயன்படுத்தலாம்?

அகராதியில் 'சமாதானப்படுத்து' என்று இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் பல இடங்களில் இடறும். கோபத்தில் இருப்பவர் கேட்பதையோ, அவருக்குப் பிடித்ததையோ கொடுத்து அடங்க வைப்பதுதான் அப்பீஸ். அந்தக் 'கொடுத்து' என்பதுதான் முக்கியம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே அலசலில் சாயம் போய்விட்டது என்று ஒரு அம்மா புடவையைக் கல்லாமேல் போட்டுச் சத்தம் போட்டார். கடைப் பையன், "கோச்சுக்காதக்கா, உட்காரு, டீ சொல்றேன்" என்றான். இதுவரைக்கும் 'பிளகேட்' (நல்ல வார்த்தை சொல்லிக் கோபத்தை ஆற்றுவது) என்றால் போதும். அவர் அடங்கவில்லை. முதலாளியே வந்து வேறு புடவை கொடுத்து, கூடவே ஒரு ஜாக்கெட் பிட்டும் வைத்தார். இது அப்பீஸ்.

சாமிக்கும் இதே சொல்தான். ஆடி மாசம் ராயபுரம், காசிமேடு பக்கம் அம்மன் மனம் குளிரக் கூழ் ஊற்றுகிறோமே, அதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லலாம். திருவொற்றியூரில் வட்டப்பாறை அம்மனின் உக்கிரத்தை ஆதிசங்கரர் தணித்ததாகத் தல வரலாறு. அந்தத் 'தணித்தல்' இந்தச் சொல்லுக்கு ரொம்பக் கிட்டே வருகிறது. பசியைத் தணிப்பதற்கும் அப்பீஸ் உண்டு.

சொல்லின் பேர் கெட்டது அரசியலில்தான். 1938 செப்டம்பரில் மியூனிக்கில், செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன்லாந்தை ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்க பிரிட்டன் பிரதமர் சேம்பர்லினும் பிரான்சும் ஒத்துக்கொண்டார்கள். கொடுத்தால் போர் வராது என்று நம்பினார்கள். யாருடைய மண்ணோ, அந்த செக் அரசைப் பேச்சில் சேர்க்கவே இல்லை! 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை அந்த நாட்டின் தலைநகரான பிராகுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 1-ல் போலந்து. சேம்பர்லின் நல்ல அர்த்தத்தில் சொல்லிவந்த 'அப்பீஸ்மென்ட்' அதற்கப்புறம் வசவாகிவிட்டது. இன்றைக்கும் ஒரு தலைவரைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொன்னால், மிரட்டலுக்குப் பணிந்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

அதனால் ஆபீஸ் மெயிலில் 'ஐ அப்பீஸ்ட் த கஸ்டமர்' என்று எழுதாதீர்கள். கஸ்டமர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்ததாக மேனேஜர் நினைப்பார். குறையைச் சரிசெய்திருந்தால் 'ரிசால்வ்ட் த கம்ப்ளைன்ட்' என்று எழுதுங்கள். அப்புறம் உச்சரிப்பு: கடைசி ஒலி 'பஸ்' மாதிரி இல்லை, 'ரோஸ்' மாதிரி கொஞ்சம் அதிரும்.