புது ரைஃபிள் சிதறி அடிக்கிறதா? குழலைக் குறை சொல்லுமுன் பாருங்கள்

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். மான் வேட்டைக்காக .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று புதிதாக வாங்கினேன். 100 கஜத்தில் குண்டுகள் மூன்று அங்குல அகலத்துக்குச் சிதறுகின்றன. ஐம்பது தோட்டா சுட்டால்தான் குழல் பழகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஐம்பது வேண்டாம். புதுக் குழலின் உட்புறத்தில் கடைசல் விட்டுச்சென்ற நுண்ணிய கீறல்களில் குண்டின் மேலுறைச் செம்பு அப்பிக்கொள்ளும். முதல் சில குண்டுகள் போகப்போக அவை ஓரளவு மழுங்கும். பழக்குவது என்றால் அவ்வளவுதான்.

சுடுமுன் குழலுக்குள் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணித்துண்டால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். பிறகு ஐந்து தோட்டா. ஒவ்வொன்றுக்கும் பின் செம்பு கரைக்கும் திரவத்தால் சுத்தம். கரைந்த செம்பு துணியில் நீலமாகத் தெரியும்; அந்த நீலம் குறைந்து வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். சுத்தம் செய்யும் கம்பியில் துணி மாட்டும் முனை பித்தளையாக இருந்தால் அதுவே கரைந்து நீலம் காட்டி ஏமாற்றும். நைலான் முனை வாங்குங்கள். கம்பியைப் பின்பக்கம், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்) இருக்கும் வழியாகத்தான் செலுத்த வேண்டும். குழல்வாயின் விளிம்பில் சிறு காயம் பட்டாலும் குறி கெடும்.

உங்கள் மூன்று அங்குலத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். முதலில் திருகுகள். ஸ்கோப்பின் அடித்தகடு, வளையங்கள், ரைஃபிளைக் கட்டையோடு (தோளில் வைத்துப் பிடிக்கும் உடல்பகுதி) பிணைக்கும் திருகுகள், இவை எல்லாவற்றையும் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருகுச்சாவி) முடுக்குங்கள். வளையத் திருகுக்குப் பொதுவாக 15 முதல் 20 இஞ்ச்-பவுண்ட் போதும். கைப்பலத்தில் இறுக்கினால் ஸ்கோப் நசுங்கும். அடுத்து, குழல் கட்டையைத் தொடாத அமைப்பா என்று கையேட்டில் பாருங்கள். அப்படியென்றால் இரண்டுக்கும் இடையே ஏதாவதொரு பண நோட்டை நுழைத்துப் பின்னோக்கி இழுங்கள். நடுவில் சிக்கினால், கட்டை அங்கே குழலை அழுத்துகிறது.

ரேஞ்சில் மணல் பையைக் கட்டையின் முன்பகுதிக்கு அடியில் வையுங்கள், ஒருபோதும் குழலுக்கு அடியில் அல்ல. 25 கஜத்தில் தொடங்குங்கள். கால் மினிட் ஸ்கோப்பில் (குமிழின் ஒரு கிளிக் 100 கஜத்தில் சுமார் கால் அங்குலம்) குண்டு படும் இடத்தை ஓர் அங்குலம் நகர்த்த அங்கே 16 கிளிக். 100 கஜத்தில் 4.

வேட்டை ரைஃபிளின் மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும். மூன்று சுட்டதும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, குழலைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிறவரை காத்திருங்கள். இந்தப் பொறுமை இல்லாததால்தான் பல நல்ல ரைஃபிள்கள் கெட்ட பெயர் வாங்குகின்றன. துளைகள் வரிசையாக மேலேறிக்கொண்டே போனால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு தோட்டா. 150, 165, 180 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) எடைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ரகம் மாற்றும்போது முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்காமல், ஐந்து ஐந்தாக மூன்று முறை சுட்டுச் சராசரி பாருங்கள். மூன்று குண்டு ஒரே துளையில் விழுந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஒன்றரை அங்குலம் வந்தால் தாராளம்: மானின் உயிர்நிலைப் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குலம். பிடித்த ரகம் கிடைத்ததும் அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் கூடுதலாக வாங்கிவையுங்கள். 150 கிரெய்ன் என்றால் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200 கஜத்தில் ஏறத்தாழ குறிவைத்த இடத்திலேயே விழும்.

காட்டில் உங்களுக்குக் கிடைப்பது குளிர்ந்த குழலின் முதல் குண்டு மட்டுமே. வெவ்வேறு நாட்களில் அந்த முதல் குண்டை மட்டும் ஒரே இலக்கு அட்டையில் சுட்டுச் சேர்த்துப் பாருங்கள். நான் அதிகம் நம்புவது அந்த அட்டையைத்தான்.

இத்தனைக்குப் பிறகும், வேறு ஸ்கோப் மாட்டியும், எல்லா ரகத்திலும் மூன்று அங்குலமே வந்தால், தேதியும் தோட்டா விவரமும் எழுதிய அட்டைகளோடு வாரன்டிக்குக் கொண்டுபோங்கள்.