குட்டி விமானத்தின் இறக்கையையும் வாலையும் அளப்பது எப்படி? கேள்வி பதில்

ரப்பர் முறுக்கில் பறக்கும் உள்ளரங்க விமானங்களைப் பற்றி புதுச்சேரி, கடலூர் பக்கத்து ஆட்கள் கேட்டவை.

லாஸ்பேட்டை மாணவர்: சார், எஃப்1டி என்ற உள்ளரங்கப் போட்டி வகைக்கு என்ன வரம்பு?

இறக்கையின் நீளம் 550 மி.மீ., அகலம் 200 மி.மீ., வாலின் நீளம் 450 மி.மீ. இவற்றைத் தாண்டக் கூடாது. எடை மட்டும் நேர்மாறு: ரப்பர் இல்லாமல் 1.4 கிராமுக்குக் குறையக் கூடாது.

அரியாங்குப்பம்: அண்ணா, இறக்கை முனைகள் மேல்நோக்கி மடிந்திருக்கின்றன. ஸ்கேலை எப்படி வைப்பது?

இறக்கைமேல் வைக்கவே வைக்காதே, தம்பி. ஒரு போட்டி நாள் காலையில் இரும்பு ஸ்கேல் நுனி பட்டு என் இறக்கைமேல் போர்த்தியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் கிழிந்தது. அன்று நான் பறக்கவிடவே இல்லை.

மேலிருந்து நேராகப் பார்க்கும்போது தெரியும் நீளம்தான் நமக்கு வேண்டும். 100 மி.மீ. முனையை 30 பாகை தூக்கினால், மேலிருந்து அது சுமார் 87 மி.மீ.தான். ஆகவே இறக்கையைக் கழற்றித் தட்டையாக்கி அளப்பதில் அர்த்தமில்லை. விமானத்தை முழுதாகப் பூட்டி, பறக்கும் நிலையில் ஒரு தாங்கியில் நிறுத்து. கீழே முகம் பார்க்கும் கண்ணாடி, அதன்மேல் நீளவாக்கில் ஒரு ஸ்கேல். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இறக்கை நுனியும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றாகும் இடத்துக்குத் தலையை நகர்த்து. அங்கே ஸ்கேல் காட்டுவதுதான் சரியான எண். சாய்ந்து பார்த்தால் 2, 3 மி.மீ. எளிதாகத் தப்பும்.

அதே நண்பர்: ஒரு பக்கத்தை அளந்து இரண்டால் பெருக்கலாமா?

கூடாது. உள்ளரங்க விமானம் பெரும்பாலும் இடப்பக்கமாக வட்டமடிக்கும். அதற்காக இடது இறக்கையைச் சற்று நீளமாகச் செய்வோம். நுனிக்கு நுனி அள.

கடலூர் மஞ்சக்குப்பம் மாணவி: ரிப்பை, அதாவது இறக்கையின் குறுக்குச் சட்டத்தை, 200 மி.மீ. வெட்டினேன் சார். ஒட்டியபின் அகலம் குறைகிறதே?

ரிப் வளைந்திருக்கிறதும்மா. 200 மி.மீ. அகலத்தில் நடுவே 10 மி.மீ. உயர்ந்தால், வளைவு வழியாக அளந்த நீளம் 201.3 மி.மீ. வரும். அகலம் என்பது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு நேர்கோடு. ஃபிலிம் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடு. நான் எப்போதும் 1 மி.மீ. குறைத்தே கட்டுவேன்.

வில்லியனூர்: ஈஸி-பி என்ற இன்னொரு போட்டி வகையில் வாலின் பரப்பு இறக்கையில் பாதியைத் தாண்டக் கூடாதே. முனை உருண்டையாக இருந்தால்?

ஒரே அட்டையில் மேலிருந்து தெரியும் வாலின் வடிவத்தையும் ஒரு 10 செ.மீ. சதுரத்தையும் வெட்டி, இரண்டையும் நல்ல தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை விகிதமே பரப்பு விகிதம். சதுரம் 100 ச.செ.மீ. என்பதால் கணக்கு சுலபம். இறக்கைக்கும் இப்படியே செய்யுங்கள்.

உப்பளம்: ஐப்பசி மழையில் அளவு மாறுமா?

சட்டம் செய்யும் பால்சா மரம் நார்வாக்கில் அவ்வளவாக அசையாது. குறுக்கே கொஞ்சம் ஊதும். மெல்லிய தாள் போர்த்தியிருந்தால் ஈரத்தில் தொய்யும், காய்ந்தால் இறுகிச் சட்டத்தையே இழுக்கும். வீட்டில் அளந்தது போதும் என்று விடாமல், அரங்கத்துக்குப் போய் அரைமணி நேரம் கழித்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.