கடைவாய் வெடிப்பு: வாசகர் கேள்வி-பதில்

இரண்டு கடைவாயும் வெடித்து, கொட்டாவி விட்டால் ரத்தம் கசிகிறது. பி காம்ப்ளெக்ஸ் ஒரு மாதம் போட்டும் ஆறவில்லை. – வாசகி, முத்தியால்பேட்டை

சத்துக் குறைவு ஒரு காரணம்தான். எச்சிலில் ஊறிய தோலில் கேண்டிடா பூஞ்சை பிடிப்பதே அதிகம். ஓரத்தை ஒற்றித் துடைத்து, ஈரம் போனபின் குளோட்ரிமசோல் 1% க்ரீமை மெல்லிசாக, தினம் 2 வேளை, 2 வாரம் தடவுங்கள். படுக்கும்போது மேலே வாசலின். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள். களைப்பும் இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். அதை டீ, காபியோடு விழுங்காதீர்கள். நாக்கால் நனைக்கவே கூடாது.

வாயில் புண். என்ன மருந்து? – கடலூர்

நாக்கிலா, உதட்டிலா, கடைவாயிலா? எத்தனை நாளாக? இதைக்கூட எழுதாமல் மருந்து கேட்டால் எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு 68 வயது, பல்செட் போட்டிருக்கிறார். ஆறி ஆறித் திரும்ப வருகிறது. – வில்லியனூர்

செட் தேய்ந்தால் வாய் அதிகமாக மூடி, ஓரத்தில் மடிப்பு விழும்; எச்சில் அங்கேயே தேங்கும். பூஞ்சை செட்டிலேயே குடியிருக்கும். இரவில் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் போடச் சொல்லுங்கள். 5 வருஷம் தாண்டியிருந்தால் பல் டாக்டரிடம் செட்டின் உயரம் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் பாருங்கள்.

மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டால் 2 நாளில் ஆறுகிறது, விட்டால் வருகிறது. 4 மாதமாக இதே கதை. – திருப்பாதிரிப்புலியூர்

எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. ட்யூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் என்று எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் கலந்திருப்பார்கள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத சரக்கு. கேட்டதும் எடுத்து நீட்டுகிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் அமுக்கும், பூஞ்சைக்கோ தோதாகிவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, கொட்டாவிக்கே கிழியும். நிறுத்தியதும் வாயைச் சுற்றிச் சிவந்த பொடிப் பருக்கள் கிளம்பலாம். பயந்து அதே ட்யூபை மறுபடி எடுக்காதீர்கள், அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள். நாக்கால் நனைக்காதீர்கள், உங்களுக்கும்தான்.

மகன் பச்சை முந்திரிக்கொட்டையைக் கடித்து உதட்டோரம் வெந்துவிட்டது. – பண்ருட்டி

ஓட்டுப் பால் பட்ட சூடு இது, பூஞ்சை இல்லை. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி வாசலின் தடவுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். வாய்க்குள்ளும் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

புகையிலை போடுவேன். ஒரு பக்கம் மட்டும் புண், தொட்டால் கெட்டியாக இருக்கிறது, வலி இல்லை. ஒரு மாதம் ஆகிறது. – முதுநகர்

க்ரீம் எதுவும் வேண்டாம். புகையிலையை இன்றே விடுங்கள். இந்த வாரமே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய், புற்றுநோயா என்று பார்க்கச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.